எல் விசையில் என்ன இருந்தது

இலோய்லோ
2001, ஜூன் 11

மனாங் ஸெனைதா,

மனாங் என்று, அக்கா என்று கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். முழுவதும் படித்துவிட்டுக் கிழியுங்கள். உங்கள் செல்போனுக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். கூயோ தீவில் டவரே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. தந்தி கொடுக்கலாம் என்றால் தந்தி ஆபீஸில் இருப்பவர்கள் உங்களுக்கு முன்னால் படித்துவிடுவார்கள். அதனால் கூயோ லாஞ்சில் சமையல் செய்யும் பெர்டிங்கிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில் உங்கள் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் ஜன்னலில் இருந்த எனக்கு, கல்லூரிப் படிப்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நிரந்தர வேலையைக் கொடுத்தார்கள். இத்தனை வருடம் தட்டச்சு செய்த உங்களை ஒப்பந்தத்திலேயே வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். உங்கள் கோபம் நியாயம்தான். அதை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

மே தொடக்கத்தில் உங்கள் கம்ப்யூட்டரை முதல் நாள் திறந்தபோது எனக்குத் தலை சுற்றியது. டூல்பாரில் இருக்க வேண்டியது எதுவும் இருந்த இடத்தில் இல்லை. சிரிக்கும் முகம், காப்பிக் கோப்பை, மணி, இதயம் என்று குட்டிக் குட்டிப் பட்டன்கள். எதை அழுத்தினால் என்ன வரும் என்று உங்களுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். ஷார்ட்கட் விசைகளும் அப்படித்தான். ஆல்ட்டையும் ஜேயையும் சேர்த்து அழுத்தினால் 'நுரையீரல் தெளிவாக உள்ளது' என்று முழுப் பத்தியும் வந்து விழுகிறது. அதற்கும் ஜேக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு ஒழுங்கு வேண்டும். நுரையீரலுக்கான ஆங்கிலச் சொல் 'எல்' என்ற எழுத்தில் தொடங்குவதால், அந்தப் பத்தியை எல் விசைக்கும் கொடுத்தேன். அந்த விசையில் ஏற்கெனவே 'இஸட் ஏழு' என்று ஏதோ இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொன்னது. இஸட் ஒன்று, இஸட் இரண்டு என்று அதுபோல் இன்னும் நிறைய. பெயரில்லாத குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் அழித்தேன். பிறகு எனக்கு வேண்டியவற்றை என் பெயரில் புதிதாக வைத்துக்கொண்டேன்.

மாற்றியதை எங்கே சேமிப்பது என்று கீழே ஒரு சின்னக் கட்டம் கேட்டது. நான் அதைப் படிக்கவே இல்லை. அது என் கம்ப்யூட்டரோடு நிற்காமல் பிரிவு முழுவதற்குமான பொது டெம்ப்ளேட்டில் சேமித்துவிட்டது. உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடித்த பெரியவர் மனோங் இஸ்கோவின் கம்ப்யூட்டரும் அதிலிருந்துதான் எடுக்கிறது. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காதில் டாக்டர் பேசிப் பதிந்த கேசட், கண் ஜன்னலுக்கு வெளியே ஜீப்னி வண்டிகள் நிற்கும் இடத்தில், விரல் மட்டும் கீபோர்டில். அழித்த விசைகளில் எதுவும் வராதபோது, "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு" என்று முணுமுணுத்துவிட்டுக் கையால் அடித்திருக்கிறார். எல்லில் மட்டும் ஒரு பத்தி வந்தது. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. டாக்டர் சொலிவியோ கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டார்.

போன வாரம் மிர்னா என்று ஒரு மீன்காரப் பெண் ரத்தம் கக்கிக்கொண்டு வந்தாள். அவள் தாளில் 'நுரையீரல் தெளிவாக உள்ளது' என்று இருக்கிறது. டாக்டர் கத்தினார், "நான் இப்படிச் சொல்லவே இல்ல! எவன் அடிச்சான் இத?" இஸ்கோ அடித்தது. ஆனால் செய்தது நான். அன்றே எல் விசையை டெம்ப்ளேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

இஸ்கோவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன், "முன்னாடி எல்லுல என்ன மனோங் இருந்துச்சு?" "எனக்கெப்படி இன்டாய் தெரியும்? என் விரலக் கேளு" என்று சிரித்தார். அவருக்கு நான் எப்போதும் இன்டாய், சின்னப் பெண்தான்.

அதை வைத்தவர் நீங்கள். எல்லில் என்ன இருந்தது? ஆபத்தில்லாத ஏதாவது என்று சொல்லுங்கள். சொன்னால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

ஜோவெலின்


கூயோ
ஜூன் 16

ஜோவெலின்,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை, அடுப்பில் போட்டேன். இங்கே வீட்டில் வேறு யாரும் படிக்க வேண்டாம் என்று.

என் டூல்பார் குப்பை என்கிறாய். சந்தோஷம். அந்தக் குப்பையில்தான் அந்தப் பிரிவு இத்தனை காலம் ஓடியது. அந்தச் சிரிக்கும் முகத்தை அழுத்தினால் பிரசவ வார்டுத் தாள் வரும். மணியை அழுத்தினால் அவசரம் என்று சிவப்பில் வரும். இஸ்கோவிடம் 'எக்ஸ் விசையை அழுத்து' என்று எழுதிக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று தேடுவார். அதனால் எழுத்தைப் பார்க்காமல் விரலைப் பார்த்து வைத்தேன். அடிக்கடி வேண்டியது விரலுக்குக் கீழே, எப்போதாவது வேண்டியது எட்ட. ஒருத்தி வீட்டுக்குள் நுழைந்தவள் முதல் வேலையாக அடுக்களையை மாற்றி அடுக்கினால் அந்த வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது. கேட்டிருக்கலாம். நான் ஊரைவிட்டுப் போக ஒரு வாரம் இருந்தது. நீ என் மேஜைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரி, கேட்டதற்குப் பதில். எல்லில் இருந்தது பழைய விலா எலும்பு முறிவு. 'முறிந்து ஆறிய தழும்பு, சிகிச்சை தேவையில்லை' என்று வரும். அதற்குப் பதிலாக 'தெளிவாக உள்ளது' என்று வந்திருந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த மீன்காரியின் விஷயம் டாக்டரின் தப்பாக இருக்கும். அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

அதனால் இதை வாயில் போட்டு மெல்லாதே. பழைய தாள்களைத் தோண்டாதே. பெரிய டாக்டரிடம் போய் நின்றால் உன் வேலை போகும், இஸ்கோவின் வேலையும் போகும். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது, பாவம்.

ஒன்று மட்டும் எழுது. எந்தத் தேதி வரைக்கும் பின்னால் போய்ப் பார்த்தாய்? ஆஸ்பத்திரி நோயாளிகளின் தாள்கள் மட்டும்தானா, வேலைக்குப் போகிறவர்கள் எடுத்த படங்களுமா? அடுத்த லாஞ்சிலேயே பதில் வேண்டும்.

ஸெனைதா


இலோய்லோ
ஜூன் 21

மனாங்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, பயம் வந்த நாளிலிருந்து முதல் முறையாக வயிறாரச் சாப்பிட்டேன். பச்சோய் நூடுல்ஸ் சூப் இரண்டு கிண்ணம். பிறகு அந்தக் கடைசிப் பத்தியை மறுபடி படித்தேன். ஒன்றும் இல்லை என்கிறவர் ஏன் தேதி கேட்கிறார் என்று தோன்றியது.

நேற்று மதியம் மனோங் இஸ்கோ சாப்பிட்டு முடித்ததும், பழைய கீபோர்டு ஒன்றை எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாமல் அவர் முன்னால் வைத்தேன்.

"என்ன விளையாட்டு இது?" என்றார்.

"நான் டாக்டர் மாதிரி சொல்றேன் மனோங். நீங்க முன்னாடி எப்பிடி அடிப்பீங்களோ அப்பிடி அடிங்க. யோசிக்காதீங்க."

"யோசிக்கிறதா? நானா?" என்று சிரித்துக்கொண்டே வழக்கம்போல ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

விலா எலும்பு முறிவு என்றேன். அவர் கை மேல் வரிசைக்குப் போய் எண் ஒன்பதைத் தொட்டது. நுரையீரல் தெளிவு என்றேன். ஜே. 'வலது மேல் பகுதியில் நிழல், காசநோயாக இருக்கலாம், உடனே சளி பரிசோதனை' என்றேன். அவருடைய மோதிர விரல் கொஞ்சம்கூடத் தயங்காமல் எல்லில் போய் உட்கார்ந்தது. நடுவில் வேறு எதையெதையோ சொல்லிவிட்டு மறுபடி அதைச் சொன்னேன். மறுபடியும் எல்.

அவர் திரும்பிப் பார்த்து, "என்ன இன்டாய், பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். நான் கீபோர்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மனாங், ஏன் பொய் சொன்னீர்கள்? என் மேல் கோபம் என்றால் நான்கு வார்த்தை திட்டியிருக்கலாம். எழுந்திருக்கக்கூட முடியாதவர்களின் நுரையீரலை வைத்து என்னைப் பழிவாங்க வேண்டுமா என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டேதான் மே மாதத்துத் தாள்களை எடுத்தேன். இஸ்கோ அடித்தவை, 'தெளிவாக உள்ளது' என்று இருந்தவை. எல்லில் வந்தது எது, ஜேயில் வந்தது எது என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. டாக்டரின் கேசட்டில் மறுநாளே வேறு குரல் பதிந்துவிடுகிறது. படங்களை நோயாளிகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார்கள். ஆகவே எல்லாரையும் திரும்பக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்தத் தாள்களில் உங்கள் மகனின் பெயர் இருக்கிறது. ரனிலோ. கப்பல் வேலைக்காக எடுத்த படம்.

அவன் கப்பலேறிவிட்டான் என்று பெர்டிங் சொன்னார். ஒருவேளை அவனுடைய தாள் உண்மையிலேயே ஜேயில் வந்ததாக இருக்கலாம். இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். படம் உங்களிடம்தான் இருக்கும். அனுப்புங்கள், மனாங். டாக்டரிடம் காட்டுகிறேன்.

ஜோவெலின்


கூயோ
ஜூன் 26

இன்டாய்,

பழிவாங்கவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது?

மே மாதம் அந்தப் படம் எடுத்த அன்று நான் தோத்தோவோடு வந்திருந்தேன். அவனை நான் ரனிலோ என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. உன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாக வந்தேன். டாக்டர் சொலிவியோ எனக்காக உடனே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். அவன் வெளியே சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "ஸென், மேல ஒரு நிழல் இருக்கு. சளிய டெஸ்ட் பண்ணிடு. பயப்படாத, மாத்திர சாப்பிட்டா சரியாயிடும்" என்றார். பிறகு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அவன் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி வாசலில் எத்தனை மாதம் நின்றான் என்று உனக்குத் தெரியாது. கப்பலில் பரிமாறும் ஆள் ஒருவன் திடீரென்று இறங்கிவிட்டதால், தோத்தோவை அவசரமாகக் கூப்பிட்டார்கள். நம் ஆஸ்பத்திரித் தாளே போதும் என்றார்கள். நிழல் என்று ஒரு வார்த்தை தாளில் இருந்தால் போச்சு. அன்று முழுவதும் நான் மொலோ கோவிலில் முழங்காலில் இருந்தேன். மறுநாள் தாளை வாங்கினேன். 'நுரையீரல் தெளிவாக உள்ளது.' கீழே டாக்டரின் கையெழுத்து.

கடவுள் செய்தார் என்று நினைத்தேன், ஜோவெலின். டாக்டர் இன்னொரு முறை பார்த்திருப்பார், வெளிச்சம் சரியாக இருந்திருக்காது, கடவுள் அவர் கண்ணைத் திறந்திருப்பார் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்க் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று பயம். தாளை நான்காக மடித்து அவன் கையில் கொடுத்து, "போ" என்றேன். பிறகு உன் கடிதம் வந்தது. கடவுள் செய்ததாக நான் நினைத்தது ஆல்ட்டும் எல்லும் என்று தெரிந்தது.

படம் இங்கேதான் இருக்கிறது. தினமும் ஜன்னலில் வைத்துப் பார்க்கிறேன். இத்தனை வருடம் நிழல் நிழல் என்று அடித்தேன், எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. எல்லாமே நிழலாகத்தான் தெரிகிறது.

அவன் ஏதோ துறைமுகத்திலிருந்து முனிசிபல் ஆபீஸ் போனுக்குப் பேசினான். "ஏசி ரூம்மா. நாலு பேரு. அதான் கொஞ்சம் சளி" என்றான். "வெந்நீர் குடி" என்று மட்டும் சொன்னேன்.

என் கணவருக்கு எதுவும் தெரியாது. ஊரெல்லாம் மகன் கப்பலில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது இறக்கிவிட்டால் எந்தக் கப்பலும் அவனைத் திரும்ப ஏற்றாது. ஒப்பந்தம் முடியட்டும். வந்ததும் நானே ஆஸ்பத்திரிக்கு இழுத்து வருகிறேன். மற்ற எல்லாரையும் கூப்பிடு, அது உன் கடமை. அவன் பெயரை மட்டும் விட்டுவிடு. உன் காலில் விழுகிறேன். நீ செய்த தப்பில் ஒரே ஒருவனுக்காவது நல்லது நடந்ததாக இருக்கட்டும்.

படத்தை அனுப்பவில்லை.

ஸெனைதா


இலோய்லோ
ஜூலை 2

மனாங்,

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் வந்த அன்றே சொன்னேன், மறுநாள் என்றால் தைரியம் போய்விடும். இஸ்கோ மேல் தப்பில்லை, கட்டத்தைப் படிக்காமல் சேமித்தது நான் என்றேன். அவர் தாள்களைப் புரட்டினார். ஒவ்வொன்றின் கீழும் டாக்டர் சொலிவியோவின் கையெழுத்து. அவரைக் கூப்பிட்டு, "இதுல ஒண்ணயாவது படிச்சீங்களா?" என்று கேட்டார். டாக்டர் சொலிவியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என் வேலை இருக்குமா என்று இன்னும் தெரியாது. இப்போது எல்லா ஷார்ட்கட்டையும் எடுத்துவிட்டார்கள். டூல்பாரில் சேவும் பிரிண்டும் மட்டும். எழுத்து எழுத்தாக அடிக்கிறோம், வரிசை வெளிக் கேட்டுவரை நிற்கிறது.

நர்சுகள் ஊர் ஊராகப் போய்த் தேடுகிறார்கள். கொஞ்சப் பேர் வந்துவிட்டார்கள். வருகிற ஒவ்வொருவரும் இருமும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

மிர்னா முந்தாநாள் இறந்துவிட்டாள்.

நான் வார்டுக்குப் போயிருந்தேன். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா என்னிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லன்னு தாள் குடுத்தாங்கம்மா. தெருவெல்லாம் காட்டினா. அதுவரைக்கும் தனித் தட்டுல சாப்பிட்டுக்கிட்டிருந்தவ, அன்னைக்குத்தான் கைக்குழந்தைக்கு அவ தட்டுலேருந்தே ஊட்டினா" என்றாள். குழந்தைக்கும் டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். முடிவு வரவில்லை. நான் கழிவறையில் போய் நின்று அழுதேன். யாராவது ஏன் அழுகிறாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று அதற்கும் பயம்.

தெளிவு என்று ஒரு தாள் கையில் இருந்தால், மாத்திரை சாப்பிட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும், மனாங்? தோத்தோவின் சட்டைப் பையிலும் அதே தாள் இருக்கிறது. அதே பத்தி, ஒரு எழுத்து மாறாமல். அந்த அறையில் அவனோடு மூன்று பேர் தூங்குகிறார்கள். அவர்களுக்கும் எங்கேயோ அம்மா இருப்பாள்.

நீங்கள் கேட்டபடி அவன் பெயரை மட்டும் கொடுக்கவில்லை. தெரியாமல் அவனைக் கப்பலேற்றியவள் நான், இறக்குகிறவளும் நானாகவே இருக்க வேண்டுமா என்று கை வரவில்லை. இது சரி இல்லை என்று தெரியும். இந்த வேலையில் நான் செய்த எதைவிடவும் இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. லாஞ்சு திரும்பி வரும்வரை பொறுப்பேன். உங்களிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அவன் பெயரையும் சொல்லிவிடுவேன். நீங்கள் என்னை ஆயுள் முழுவதும் சபித்தாலும் சொல்வேன்.

ஏஜென்சியின் மணிலா விலாசம் அவன் தாளின் மேலேயே இருந்தது. இதனுடன் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜோவெலின்


கூயோ
ஜூலை 15

ஜோவெலின்,

என் தந்தி கிடைத்திருக்கும். அதில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று மாலை தந்தி ஆபீஸுக்குப் போனேன். ஏஜென்சிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. தந்தி அடிக்கிற பையன் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "நிஜமாவே அனுப்பட்டுமா, மனாங்?" என்றான். "அடிடா, நான் மனசு மாறுறதுக்குள்ள" என்றேன். நான் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார், அவ்வளவுதான்.

தோத்தோவைச் சிங்கப்பூரில் இறக்கினார்கள். டெஸ்டில் காசநோய் என்று வந்துவிட்டது. மருந்து தொடங்கியிருக்கிறார்கள். கூட இருந்தவர்களில் ஒருவனுக்கும் சந்தேகமாம், மற்ற இருவருக்கும் ஒன்றும் இல்லையாம். அந்த ஒருவன் பனாய் தீவைச் சேர்ந்த பையன். அவன் வீட்டு விலாசத்தைக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

முந்தாநாள் முனிசிபல் ஆபீஸிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். தோத்தோ போனில் இருந்தான்.

"யாரும்மா சொன்னது?"

"நான்தான்டா."

"ஆஸ்பத்திரிலேருந்தா?"

"இல்லடா. நான்தான். எனக்கு முன்னாடியே தெரியும். நீ ஏறுறதுக்கு முன்னாடியே தெரியும்."

அவன் திட்டத் தொடங்கினான். தெரிந்தே ஏன் அனுப்பினாய், அனுப்பியவள் ஏன் இறக்கினாய் என்று இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டான். அவன் என்னிடம் ஒருநாளும் பேசாத வார்த்தைகளையெல்லாம் பேசினான். வீட்டுக்கு வந்தால் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றான். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த லாஞ்சில் வருகிறான். துறைக்கு நான் போகலாமா என்று பயமாக இருக்கிறது. போகாமல் இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறது. மிர்னாவின் குழந்தைக்கு முடிவு வந்ததும் உடனே எழுது, எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுது.

அவன் கத்திய நேரம் முழுவதும் நடுநடுவே இருமினான். ஆபீசர் வந்து, "போதும் மனாங், வெச்சிடுங்க, எதுக்கு இதையெல்லாம் கேட்டுக்கிட்டு" என்றார். நான் வைக்கவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் பிறகு அவன் மறுபடி மூச்சு இழுத்துத் திட்டத் தொடங்கும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஸெனைதா